எல்லைத் தெருவில் ஒரு டிவி

தவளக்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பச்சைப் புடவைக்காரர் சொன்னதைக் கேட்டதும் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“எங்க கவர்மெண்ட் குடுத்த டிவி ஒங்க ஸ்டேட்லதானக்கா ஓடுது.”

மடியில் டிபன் கேரியரோடு இருந்தவர் சிரிக்கவில்லை. “ஒங்க பக்கம் கரண்ட் இருந்தா நீயே வச்சிக்கோயேன்.”

இருவரும் எதிரெதிர் வீடாம். தெருவின் ஒரு சாரி தமிழ்நாடு, எதிர்ச்சாரி பாண்டி. பச்சைப் புடவைக்காரருக்கு இலவச டிவி உண்டு, சாயந்திரமானால் கரண்ட் கிடையாது. எதிர்வீட்டில் கரண்ட் உண்டு, டிவி கிடையாது. ஆகவே டிவி தெருவைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு குடும்பமும் ஒரே பாயில் உட்கார்ந்து சீரியல் பார்க்கின்றன.

“நேத்து தரகர் வந்தாருக்கா. இவ்ளோ ஒத்துமையா இருக்கீங்க, எதிர்வூட்டுப் பொண்ணையே பையனுக்கு எடுத்து சம்மந்தி ஆயிடுங்கன்னாரு.”

“நீ என்னா சொன்ன?”

“ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிட்டேன்.”

“எம் பொண்ணு ஜாதகத்த நீ எப்பப் பாத்த?”

“பாக்கல.”

பஸ் மரப்பாலம் ஸ்டாப்பை நெருங்கியது. டிபன் கேரியர்க்காரர் மெதுவாகச் சொன்னார்.

“எங்கிட்டயும் வந்தாரு. நானும் அதையேதான் சொன்னேன். சம்மந்தி ஆனா மொத சண்டையிலியே நீ டிவிய தூக்கினு பூடுவ.”

“நீங்க மட்டும் கரண்ட் குடுப்பீங்களாக்கும்.”

“மாட்டேன்தான்,” என்றபடி அவர் இறங்க எழுந்தார். “சாயந்திரம் சீக்கிரம் வந்துடு. இன்னிக்கி சீரியல்ல அந்த மாமியாக்காரி சம்மந்திய வூட்ட வுட்டுத் தொரத்தறா.”