இரண்டாவது கண்

ஹால்வர்: கையுறையைக் கழட்டிட்டுத் தொடு. மைக்ராஸ்கோப்பை வெறுங்கையாலதான் தொடணும்னு இந்தக் கால்நடை ஆய்வகத்துல புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவளே நீதான்.

மாலின்: கை குளிருது.

ஹால்வர்: இடது கை மட்டும் குளிருமா? வலது கை சும்மாதானே இருக்கு.

மாலின்: கல்யாணத்துக்கு நடுக்கோடை வரைக்கும் நேரம் இருக்கு, அதுக்குள்ள புருஷன் மாதிரி கேள்வி கேக்காத. சிலைடைக் குடு. பேரை மறைச்சு ஒட்டினியா?

ஹால்வர்: ஒட்டியாச்சு. இரண்டாவதா பாக்கிற கண்ணுக்கு அது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியக் கூடாது. நான் எந்த விதியையும் மீற மாட்டேன்.

மாலின்: ரொம்ப ஒழுங்குதான். ஹீட்டர் இப்படி எரியுது, நீ முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பூட்டிட்டு நிக்கிற.

ஹால்வர்: இப்பதானே கை குளிருதுன்ன?

மாலின்: ...எண்ணெய்ச் சொட்டு விட்டியா?

ஹால்வர்: விட்டாச்சு. பாரு.

மாலின்: ம்... குச்சி குச்சியா நீலமா இருக்கு. முனை வெட்டி வச்ச மாதிரி. ரெண்டு மூணு சேர்ந்து, ரயில் பெட்டி கோத்த மாதிரி நிக்குது.

ஹால்வர்: மண்ணுல எப்பவும் இருக்கிற கிருமிதானே.

மாலின்: மண்ணா? சொல்லக் கூடாதுன்னு இப்பதான் சொன்ன.

ஹால்வர்: வாய் தவறிடுச்சு. ஏதோ வயல் மண்ணு. ஒண்ணும் செய்யாத வகையாத்தான் இருக்கும்.

மாலின்: அந்த வகை பெரும்பாலும் நீந்தும். உயிரோட ஒரு சொட்டு வச்சுப் பாத்தியா?

ஹால்வர்: பாத்தேன்.

மாலின்: நீந்துச்சா?

ஹால்வர்: ...இல்ல.

மாலின்: துளிகூட?

ஹால்வர்: மூச்சை அடக்கிட்டுக் கிடக்கிற மாதிரி கிடந்துச்சு. நான் பாக்கிறது அதுக்குத் தெரியுமோன்னு தோணுச்சு.

மாலின்: பயங்காட்டாத.

ஹால்வர்: ஒண்ணுமில்லன்னு சொல்லு, காபிக்குப் போலாம். ஏலக்காய் பன் வாங்கி வச்சிருக்கேன்.

மாலின்: இரு... குச்சியைச் சுத்தி ஏதோ இருக்கு. ரோஸ் நிறத்துல, மூடுபனி மாதிரி.

ஹால்வர்: நான் சாயத்தைச் சரியா கழுவலையோ என்னவோ.

மாலின்: நீ கழுவினதுல என்னிக்குக் குறை வந்திருக்கு? இது கறை இல்ல, உறை. கோட்டு போட்டிருக்கு, ஹால்வர். அடைப்பான். ஆந்த்ராக்ஸ்.

ஹால்வர்: ம்.

மாலின்: ஆனா இது மண்ணுலேர்ந்து வரல.

ஹால்வர்: ஏன் அப்படிச் சொல்ற?

மாலின்: தெரியாத மாதிரி கேக்காத. மண்ணுல இதுக்குக் கோட்டு எதுக்கு? கெட்டி ஓட்டுக்குள்ள வித்தாச் சுருண்டு தூங்கும். அம்பது வருஷம், அதுக்கு மேலயும். எத்தனை பனி விழுந்தாலும் சாகாது. சூடா ஒரு உடம்பு கிடைச்சாத்தான் கண் முழிக்கும். முழிச்சதும் கோட்டைப் போட்டுக்கும், ரத்தத்துல காவல் நிக்கிற அணுக்கள் விழுங்கிடாம இருக்க. இது ஏதோ உடம்புலேர்ந்து வந்திருக்கு.

ஹால்வர்: ஒரு கன்னுக்குட்டி.

மாலின்: செத்துப்போச்சா?

ஹால்வர்: உயிரோடதான் இருக்கு. நல்லா திங்குது, நடக்குது. தோல்ல ஒரு புண்ணு, அவ்வளவுதான்.

மாலின்: அடைப்பான் வந்த மாடு நிக்கிற நிலையிலயே விழுந்துடும். தோல்ல புண்ணோட நடமாடின கன்னை நான் பாத்ததே இல்லையே... புண்ணு நடுவுல கறுப்பா?

ஹால்வர்: கரி மாதிரி.

மாலின்: சுத்தி வீக்கம்?

ஹால்வர்: கொஞ்சம்.

மாலின்: வலி?

ஹால்வர்: கொஞ்சங்கூட இல்ல.

மாலின்: வலிக்கலன்னு அந்தக் கன்னுக்குட்டி உங்கிட்ட வந்து சொல்லுச்சா?

ஹால்வர்: மாலின்...

மாலின்: சட்டைக் கைப் பொத்தானைக் கழட்டு.

ஹால்வர்: நீ முதல்ல உக்காரு.

மாலின்: கழட்டு... கடவுளே. இதோட எத்தனை நாளா சுத்திட்டிருக்க?

ஹால்வர்: நேத்து வரைக்கும் உண்ணி கடிச்சதுன்னு நினைச்சேன். தோல்ல வர்றது, உடனே மருந்து ஆரம்பிச்சா குணமாயிடும். அதுவும் நீ எடுக்கிற பாடம்தான்.

மாலின்: எங்கிட்ட நேரா காட்டறதுக்கு என்ன?

ஹால்வர்: காட்டியிருந்தா என்னைத்தான் பாத்திருப்ப, சிலைடைப் பாத்திருக்க மாட்ட. யாரோடதுன்னு தெரியாத கண்ணு வேணும்னு தோணுச்சு.

மாலின்: எதைத் தொட்ட?

ஹால்வர்: உங்க அப்பா நமக்குக் குடுத்த புல்வெளி. ஏரிக்கரை மூலை.

மாலின்: நாம கட்டப்போற வீடு மேட்டுலதானே வருது?

ஹால்வர்: சமையலறை ஜன்னல்லேர்ந்து ஏரி தெரிஞ்சா நல்லா இருக்கும்னு ஒருநாள் சொன்ன. உனக்குச் சொல்லாம இடத்தை மாத்தினேன். அங்க வட்டமா கல்லு கிடந்துச்சு. ஏதோ பழைய வீட்டு அஸ்திவாரம்னு நினைச்சுப் புரட்டிட்டுத் தோண்டினேன். கீழ மாட்டெலும்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, அடுக்கடுக்கா.

மாலின்: அந்த மூலைக்கு அப்பா மாட்டை விட்டதே இல்ல. புல்லு அங்கதான் இடுப்பு உயரம் வளரும். அவரோட அப்பா விடல, அதனால இவரும் விடல. ஏன்னு அவருக்கும் தெரியாது.

ஹால்வர்: இப்ப தெரியும். காலையில போன் பண்ணி வேலி போடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டேன். நீ பாத்துச் சொன்னதும் கிளம்பறதா ஏற்பாடு.

மாலின்: கார் சாவியைக் குடு.

ஹால்வர்: நீ எதுக்கு? இங்க இருந்து மேல எல்லாருக்கும் தகவல் சொல்லு. ஒருத்தன் ஊசி போட்டுக்க ரெண்டு பேர் போகணுமா?

மாலின்: ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் பண்ணு. ரெண்டு படுக்கைன்னு சொல்லு.

ஹால்வர்: ரெண்டா?

மாலின்: போன வாரம் நீ தோண்டினதை எதிர்க்கரையிலேர்ந்து பாத்தேன். எதுக்குன்னு புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்துட்டேன்.

ஹால்வர்: ...மாலின், அந்தக் கையுறையைக் கழட்டு.

மாலின்: ஜன்னல் வரப்போற இடத்துக்கு எதிர்ல ஒரு ஆப்பிள் செடி நட்டேன், ஹால்வர். வீடு எழும்பினப்புறம் நீயா பாக்கட்டும்னு... மண்ணு கதகதன்னு இருந்துச்சு. பூச்சிக்கடின்னுதான் நானும் நினைச்சேன். எனக்கும் வலிக்கவே இல்ல.