மிஸ்டிரஸ்

— டீச்சர், மிஸ்டிரஸ்னா வப்பாட்டின்னு டிக்சனரியில போட்டுகீதே?

— ஐயோ சாந்தினி, நாளைக்குப் பரீட்சையில அப்படி எழுதித் தொலைச்சிடாத! இதெல்லாம் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் பாட்டு. அப்போ மிஸ்டிரஸ்னா காதலி. பாயிண்டுக்கு வா. மொதல் பாட்டுல என்ன சொல்றான்?

— வயசு போய்க்கினே கீது, இப்பவே வாடின்னு மிஸ்டிரஸ கெஞ்சிக்கினு கீறான்.

— கரெக்ட். ரெண்டாவது?

— அது பொண்டாட்டிக்கு. நீ செத்துப் பூட்ட, வூடே இருண்டு கெடக்குது, நானும் பின்னாடியே வந்துடறேன்றான்.

— குட். இப்ப ரெண்டையும் கம்பேர் பண்ணு.

— மிஸ்டிரஸுக்கு உயிரோட கீறப்பவே பாட்டு. பொண்டாட்டிக்கு செத்த பொறவு.

— அப்படி எழுதாதம்மா. ஒண்ணுல காதல் காலத்தோட மோதுது, இன்னொண்ணுல சாவையே தாண்டுது. இத இங்கிலீஷ்ல எழுது.

— எழுதறேன். உயிரோட கீற பொண்டாட்டிக்கு எவனுமே பாடலியா டீச்சர்?

— பாடியிருக்காங்க. உன் சிலபஸ்ல இல்ல.

— எங்கூட்லயும் இல்ல.

— உன் வூட்டுக்காரர்... இப்பவும் வர்றதில்லயா?

— அவரு ஓட்டற நெல்லு அறுப்பு மெஷின் இங்க காவாந்தண்டலத்துலதான் ஓடுதாம், உங்க ஊருல. ராவுக்கு இங்கயே படுத்துக்கிறாராம். பஸ்ல வர்றப்ப பாத்தேன். அறுப்பெல்லாம் முடிஞ்சி வயல்ல மாடு மேயுது.

— கேட்டியா அவரை?

— இன்னாத்த கேக்க? மொதல்ல அழுதேன். இப்ப அதுவும் வரல. பல்லு புடுங்க ஊசி போட்ட கன்னமாட்டம் கீது.

— மனசுல வெச்சிக்காத. நீ பாஸாகணும், அவ்ளோதான்.

— ஆவணும். இந்த ஒரு பேப்பர்தான் நிக்குது. டிகிரி கையில வந்தா ஒரு வேலைய தேடிக்கினு, பொண்ண இட்டுக்கினு பூடுவேன். இல்லன்னா அந்த வூட்லயே கெடக்க வேண்டியதுதான்.

— சரி சரி, பாயிண்டுக்கு வா. ரெண்டு பாட்டுக்கும் பொதுவா ஒண்ணு சொல்லு.

— ரெண்டுலயும் ஆம்பளதான் பேசிக்கினே கீறான். அந்த மிஸ்டிரஸும் பொண்டாட்டியும் எதுருக்கெதுரு குந்திக்கினா இன்னா பேசுவாங்கன்னு எவனும் எழுதல.

— அது... பாட்டுல வராது சாந்தினி.

— வராதுதான். மழ தூறுது டீச்சர், கொடியில கீற லுங்கிய எடுத்து உள்ள போடுங்க. கிழிசலுக்கு பச்ச நூலு போட்டது நான்தான்.