கோயிலுக்குச் செய்து கொடுத்த மைக் செட்

டிரான்ஸ்பார்மர் வாங்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன். மேலே ஒட்டியிருக்கும் தாளைப் படிக்காதீர்கள், கையில் தூக்கிப் பாருங்கள். தாளில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இரும்பையும் செம்பையும் அப்படி ஏமாற்ற முடியாது. கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஷர்மினி. அதனால்தான் இங்கே தொடங்குகிறேன். என் பெயர் சதாசிவம், வயது ஐம்பத்தொன்று. ஈப்போவில் ஆம்பிளிஃபயர் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். டிரான்ஸ்பார்மரைக்கூட வெளியில் வாங்காமல் நாங்களே சுற்றிக்கொள்ளும் கடை இந்தப் பக்கத்தில் என்னுடையது ஒன்றுதான்.

சுற்றியது என் மனைவி குமுதா. பதினான்கு வருடம் சுற்றினாள். கைப்பிடியைச் சுழற்றினால் செம்புக் கம்பி வரிசையாகப் போய் உட்காரும். எத்தனை சுற்று என்பதுதான் முக்கியம். சுற்று குறைந்தால் சூடேறும், கூடினால் வோல்ட் குறையும். எண்ணுவதற்கு மீட்டர் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. அவள் வாய்விட்டு எண்ணுவாள், நான் முன்பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எண்ணிக்கொண்டே இருப்பவள் நடுவில் பாட ஆரம்பித்துவிடுவாள். சாமிப் பாட்டுதான். ஆனால் எண்ணிக்கை போய்விடும். முதலில் வாயால் சொன்னேன். பிறகு கையால் சொன்னேன். சில தடவை சால்டரிங் அயனால் சொல்ல வேண்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே, ஒரு விநாடி, அவ்வளவுதான். உங்கள் டாக்டர் ஒன்பது தழும்பு என்று எழுதியிருக்கிறார். நான் ஏழு என்று நினைத்திருந்தேன். அவர் சொல்வதே சரியாக இருக்கலாம்.

மார்ச் மாதம் ஒரு பெரிய வேலை வந்தது. எழுநூறைத் தாண்டிவிட்டாள். அப்போது பாடினாள். என் கையில் இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய கட்டு ஒன்று இருந்தது, மூன்று கிலோ இருக்கும். அவள் இடது மணிக்கட்டு மேசைமேல் இருந்தது. அதன்மேல் இறக்கினேன். இரண்டு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் நான்தான். மிஷினில் மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், தெளிவாகச் சொன்னாள்.

கட்டுப் போட்டதும் என்னோடு வரவில்லை. கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்படியே செமோரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த அண்ணன்தான் விக்னேஸ்வரன். லாரி ஓட்டுகிறவர். மறுநாள் மதியம் கடைக்கு வந்தார். சட்டையைப் பிடித்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"எந்தக் கை லா? சொல்லு மாப்ள. எந்தக் கையால அடிச்ச?"

வலது கையைக் காட்டினேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பெஞ்சில் தகடுகளை இறுக்கப் பிடிக்கும் வைஸ் இருக்கிறது. அதற்குள் என் விரல்களை வைத்து முறுக்கினார். ஒன்றரைச் சுற்று. மோதிர விரலும் நடுவிரலும் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பக்கத்துக் காப்பிக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, ஓடி வந்து, "சுக்குப் லா, சுக்குப்! போதும்!" என்று கத்தித்தான் நிறுத்தினார்.

அதற்காக எனக்குக் கோபம் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் யாராவது உங்களிடம் வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். யாரும் வரவில்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் அப்படி. குமுதாவின் குடும்பம் இருந்த ரப்பர்த் தோட்டத்தை விற்று முப்பது வருடம் ஆகிறது. அங்கே இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் கோயில் கமிட்டிதான் தீர்த்து வைக்கும். போலீஸுக்குப் போனால் பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடும் என்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடினார்கள். பேசியது கமிட்டிச் செயலாளர் துளசி அக்கா. என் விரலை உடைத்த குற்றத்துக்கு விக்னேஸ்வரன் கோயில் சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டும். என் குற்றத்துக்குக் கோயிலுக்கு ஒரு மைக் செட் செய்து கொடுக்க வேண்டும்.

"மைக் செட்டா அக்கா?" என்றேன்.

"ஆமா லா. பாடுனான்னுதான கைய ஒடச்ச? அவ பாடுறதுக்கு நீயே செஞ்சு குடு. ஒங் கையாலயே."

"ஒடஞ்ச கையாலயா அக்கா?" என்றார் விக்னேஸ்வரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். நான் ஐந்து வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, அவள் பாடுவதைக் கேட்க வேண்டும். ஐந்தாவது வெள்ளி, என்னோடு வருகிறாளா இல்லையா என்று குமுதா சொல்லுவாள். அவள் சொல்வதுதான் முடிவு.

நான் ஒத்துக்கொண்டேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பிளிஃபயருக்கு டிரான்ஸ்பார்மர் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்பதல்ல. ரெண்டு சுற்றா, ஒரே சுற்றா என்பதுதான். ரெண்டு சுற்று என்றால் உள்ளே இரண்டு தனித்தனிக் கம்பிச் சுருள்கள் இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒன்றில் ஓடும், ஆம்பிளிஃபயர் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் கம்பிகூடத் தொடாது. இரும்பு வழியாகக் காந்தமாக மட்டும் கடந்து போகும். அதனால்தான் மைக்கைப் பிடிக்கிறவர் உயிரோடு இருக்கிறார்.

ஒரே சுற்று என்றால் ஒரே சுருள், நடுவில் ஒரு கிளை. செம்பு பாதி போதும், எடையும் குறைவு. வோல்ட்டைக் குறைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பியில் ஒன்று நேராக ஆம்பிளிஃபயரின் தகரப் பெட்டிக்கே போகிறது, தகரத்திலிருந்து மைக்கின் உடம்புக்கு. அந்த ஒன்று சும்மா இருக்கும் நியூட்ரல் கம்பியாக இருந்தால் வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காது. உயிருள்ள கம்பியாக இருந்தால் நடக்கும். எது போகும் என்பது பிளக்கைச் சொருகும் விதத்தில் இருக்கிறது. மூன்று முள் பிளக் ஒரே விதமாகத்தான் போகும். இரண்டு முள் பிளக்கை எப்படியும் திருப்பலாம்.

நான் ஒரே சுற்று வைத்தேன். இரண்டு முள் பிளக் வைத்தேன்.

அந்தக் கோயிலைப் பற்றியும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை அபிஷேகம் முடிந்தால் சிமெண்டுத் தரை முழுக்கத் தண்ணீர். யாரும் செருப்புப் போடுவதில்லை. மின்கசிவு வந்தால் விழ வேண்டிய டிரிப் சுவிட்சை இரண்டு திருவிழாவுக்கு முன்பே ஒதுக்கிவிட்டு நேராக இணைத்திருந்தார்கள். மழை பெய்தால் அலங்கார விளக்கு அணைந்துவிடுகிறது என்று அப்படிச் செய்தார்களாம். அதைச் செய்தது நானில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன், மூடினேன்.

முதல் வெள்ளி துளசி அக்காதான் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். "என்னாப்பா, கோழிக்கூடு மாதிரி லேசா இருக்கு?"

"இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான் அக்கா."

குமுதா பக்கத்தில் வந்து நின்றாள். இடது கையில் மாவுக்கட்டு. செட்டைத் தொடவில்லை, அதன் எடையைத்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் சுற்றியவள் அல்லவா.

"ரெண்டு சுத்தா, ஒரே சுத்தா?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"நெசமா?"

"தொழில்ல நான் பொய் சொல்லிப் பாத்திருக்கியா?"

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல. அதுல மட்டும் சொன்னதில்ல," என்றாள். மைக்கை எடுத்துக்கொண்டாள்.

பிளக்கைச் சொருகியது விக்னேஸ்வரன். நம் சுவர்ப் பிளக்கில் இரண்டு முள் நேராகப் போகாது. மேல் துளையில் எதையாவது விட்டு அழுத்தினால்தான் கீழ்த் துளைகள் திறக்கும். சட்டைப் பையிலிருந்த பேனாவை விட்டு அழுத்தி, பிளக்கை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் உள்ளே தள்ளினார். ஈப்போவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அவள் பாடினாள். ஒன்றும் நடக்கவில்லை.

பூஜை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் மின்சாரச் சோற்றுப் பானையைச் சொருகுவார்கள். அடுத்த வெள்ளி மறுபடியும் பேனா, மறுபடியும் பிளக். ஆகவே ஒவ்வொரு வாரமும் பாதிக்குப் பாதி. நான் அப்படித்தான் அமைத்தேன். கொலை செய்கிறவன் பாதி வாய்ப்புக் கொடுப்பானா? செட்டைச் செய்தது நான், முடிவை அம்மனிடம் விட்டேன். உங்கள் மேலதிகாரிக்கும் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

இரண்டாவது வெள்ளி பாடினாள். மூன்றாவது வெள்ளி பாடினாள். நான்காவது வெள்ளி இரண்டு பாட்டுப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் அவள் மைக்கைத் தொடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். முதல் வார்த்தை காதில் விழுந்ததும் திறப்பேன். அம்மன் அவளைக் காப்பாற்றுவது எனக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நம்பினேன். கடையில் அவள் நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

ஐந்தாவது வெள்ளி கூட்டம் அதிகம். விக்னேஸ்வரன் என் தோளைத் தட்டி, "பொங்கல் இருக்கு மாப்ள. அவ என்ன சொன்னாலும் சாப்ட்டுட்டுப் போங்க," என்றார். நல்ல மனிதர்தான்.

துளசி அக்கா கேட்டதும் குமுதா எழுந்து நின்றாள். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள்.

"நான் வரல அக்கா. இங்கயே இருக்கேன். அவர் மேல கோவம் ஒண்ணும் இல்ல. பயந்தான் இருந்துச்சு. இங்க வந்து பாடிப் பாடி அதுவும் போயிருச்சு."

பிறகு மைக்கை எடுத்துப் பாட ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள். பதினான்கு வருடத்தில் என் கண்ணைப் பார்த்து அவள் பாடியதில்லை.

நான் எழுந்தேன். "செட்டுல இரைச்சல் வருது மச்சான்," என்றேன். இரைச்சல் வந்தால் பிளக்கைத் திருப்பிப் போடுவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. "போய்ப் பாருங்க மாப்ள," என்றார் விக்னேஸ்வரன். நான் சுவர் பக்கம் போனேன். அவள் மைக்கைப் பிடித்தபடியே ஈரத் தரையில் காத்திருந்தாள். பிளக்கைப் பிடுங்கி, சோற்றுக் கரண்டிக் காம்பை மேல் துளையில் விட்டு, திருப்பிச் சொருகினேன்.

அவள் கத்தவில்லை. கத்த முடியாது, நெஞ்சு இறுகிவிடும். கையும் விடாது, மைக்கை இன்னும் பலமாகப் பிடிக்கும். முதுகு வில்லாக வளைந்தது. தலை பின்னால் போய்த் தூணில் இரண்டு தடவை மோதியது. விக்னேஸ்வரன் "குமுதா!" என்று பாய்ந்து அவள் தோளைக் கட்டிப் பிடித்தார், வெறுங்காலோடு. இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள், ஒன்றாகத் துடித்தார்கள். முடி கருகும் வாசனை வந்தது. சுவிட்சு என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது எண்ணும்போது துளசி அக்கா என்னைத் தள்ளிவிட்டு சுவிட்சை அணைத்தார்.

குமுதா அங்கேயே போய்விட்டாள். விக்னேஸ்வரன் மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் தானாக வந்து தொட்டவர். அவரை என் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

இரைச்சலைச் சரி செய்யப் போனேன், விபத்து நடந்துவிட்டது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். யாரோ கைப்பேசியில் எடுத்த வீடியோவை நீங்கள் இன்று மூன்று முறை போட்டுக் காட்டினீர்கள். மூன்றாவது முறை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அது என் தொழில். ஒரு துளி இரைச்சல் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். இல்லை. அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

அந்த வெள்ளியும் பிளக்கைச் சரியான பக்கம்தான் சொருகியிருந்தார்கள். ஐந்து தடவையும் அம்மன் அவள் பக்கமே நின்றாள். திருப்பியது நான்தான். அவளைக் கொல்லத்தான் திருப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் மாற்றி எழுதுங்கள். நான் அவளைப் பாட விடவில்லை என்று துளசி அக்கா சொன்னதாக இதில் இருக்கிறது. அவளுக்கு மைக் செய்து கொடுத்தவனே நான்தானே.