பறக்காத ஐம்பத்து நான்கு மணி நேரம்

என் பெயர் கவியா, வயது 22, த/பெ ஞானதாஸ், 14, மாதா கோயில் தெரு, செய்யூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம். என் தந்தை சிறுசேரி ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு கேப் ஓட்டுகிறார். நான் பக்தவத்சலம் என்பவர் நடத்தும் விமானப் பயிற்சிப் பள்ளியில் ஒன்றரை வருடமாகப் படித்து வருகிறேன். படித்து வருகிறேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

என்னுடன் படிக்கும் சரவணகுமார் சென்ற திங்கட்கிழமை காலை தனியாக ஓட்டிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகிச் சவுக்குத் தோப்பில் மோதியது. அவன் இடுப்பெலும்பு முறிந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இருக்கிறான். அறுபது மணி நேரம் பறந்த மாணவன், தன் அஜாக்கிரதையால் விமானத்தை உடைத்துவிட்டான் என்று பக்தவத்சலம் அவன் மீதே புகார் கொடுத்திருப்பதை அறிந்து, யாரும் அழைக்காமல் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது என் தந்தை அல்ல, நான். வேறு மூன்று பள்ளிகளில் விசாரித்தேன், இங்கே கட்டணம் பாதி. அதன் பிறகு மாமல்லபுரத்தில் உள்ள இவர்களுடைய அலுவலகத்துக்குப் போய் ஹாஸ்டலில் ஏசி உண்டா, மெஸ்ஸில் மீன் போடுவார்களா, சீருடைத் தோள்பட்டையில் எத்தனை கோடு வரும் என்றெல்லாம் கேட்டேன். பழைய ஸ்கூட்டி வாங்கும்போது நாலு முறை ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னவள், விமானத்தை ஒரு முறை ஸ்டார்ட் செய்து காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அவ்வளவு அறிவு. பக்தவத்சலத்தை எல்லோரும் கேப்டன் என்று அழைப்பார்கள். அவர் ஓட்டி நான் பார்த்தது இன்னோவா மட்டும்.

சேர்ந்த பிறகுதான் இருப்பது இரண்டு விமானம், அதில் ஒன்றுக்கு எஞ்சின் இல்லை என்பது தெரிந்தது. மற்றொன்றில் முதல் ஆறு மாதத்தில் நான் பதினோரு மணி நேரமும் சரவணகுமார் ஒன்பது மணி நேரமும் பறந்தோம். அதன் பிறகு அதன் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, ஈசிஆரில் ஒரு ரிசார்ட் புல்வெளியில் மறுபடி மாட்டி நிறுத்தி, கல்யாண ஜோடிகளுக்குப் போட்டோ எடுக்க வாடகைக்கு விட்டார்கள். வருங்கால விமானிகளான நாங்கள் அதைத் தள்ளி நிறுத்தினோம், துடைத்தோம், மாப்பிள்ளைகளுக்குக் கூலிங் கிளாஸ் எடுத்துக் கொடுத்தோம். எப்போது பறப்போம் என்று கேட்டதற்கு, "பறக்கிறதெல்லாம் தானா வரும்மா, பேப்பர் கரெக்டா கீதா பாரு" என்றார் பக்தவத்சலம்.

பேப்பர் கரெக்டாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நான் அந்த விமானத்தில் புதுச்சேரி வரை பறந்து திரும்பியதாக என் பறப்புப் பதிவேட்டில் உள்ளது. அன்று எங்கள் தெரு பூங்கொடி தன் கல்யாண போட்டோவுக்காக அதே விமானத்தின் இறக்கையில் சாய்ந்து நின்றாள். அவள் புடவைத் தலைப்பு காற்றில் பறக்க வேண்டும் என்று டேபிள் ஃபேனைத் தூக்கிப் பிடித்திருந்தவள் நான். அவளுடைய ஆல்பத்தில் தேதியும் விமானத்தின் பதிவெண்ணும் தெளிவாக உள்ளன. இதுபோல எனக்கு ஐம்பத்து நான்கு மணி நேரம் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அட்மிஷன் சீசன் வரவே, மாணவர் தனியாகப் பறப்பது போல வீடியோ வேண்டும் என்று விமானத்தைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கைகளை மாட்டினார்கள். அந்த வீடியோ எடுக்கும்போதுதான் சரவணகுமார் தோப்பில் மோதினான். கேமராக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது, கடைசி வரை எடுத்திருக்கிறார்.

நேற்று மாலை பக்தவத்சலம் எங்கள் வீட்டுக்கு ஆப்பிளோடு வந்து, "அண்ணாத்த, பொண்ணு கம்முனு இருந்தா மூணு மாசத்துல லைசென்ஸ் கையில" என்று என் தந்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு என் தந்தை, "அந்தப் பையனுக்கோசரம் நீ இன்னாத்துக்குமா உன் பொழப்ப கெடுத்துக்கிற?" என்றார். "நான் ஓட்டுற பிளேன்ல நீ ஏறுவியா நைனா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய், துடைத்து வைத்திருந்த காரை மறுபடியும் துடைத்தார். இன்று காலை அந்தக் காரில் அவரே என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்.

பொய்ப் பதிவில் கையெழுத்திட்டதற்காக என் மீதும் வழக்கு வரலாம், இனி எனக்கு லைசென்ஸே கிடைக்காமல் போகலாம் என்று உதவி ஆய்வாளர் ஜெசிந்தா அவர்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னார்கள். தெரியும். பக்தவத்சலம் அயோக்கியர் என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீடியோவுக்கு முதலில் கூப்பிட்டது என்னைத்தான். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லாமல், காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். எனக்குப் பதிலாகத்தான் சரவணகுமார் ஏறினான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, எந்த வரியையும் அடிக்க வேண்டாம்.

(ஒப்பம்) ஞா. கவியா