ஆறு எழுத்து வரைக்கும்

இல்ல சார், பைய மேல வெக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப். என் வீட்டுக்காரியோடது. விழுப்புரத்துல பூவரசன்னு ஒருத்தர் ரிப்பேர் கடை வெச்சிருக்காரு, அவராண்டயிருந்து திருப்பி வாங்கிக்கினு போறேன். திண்டிவனத்துல எறங்கி பெருமுக்கல் போவணும்.

ரிப்பேர் இல்லீங்க, நல்லாத்தான் ஓடுது. ஒரே ஒரு ஃபைலுதான், பாஸ்வேர்டு போட்டு பூட்டி வெச்சிருக்கா. சூர்யகலான்னு பேரு, பிரௌசிங் சென்டர்ல பன்னெண்டு வருஷம் வேலை பாத்தவ. ஊரு சனத்தோட ஆதாரு, சர்டிபிகேட்டு எல்லாம் அவ கையில. எதையும் தொறந்து போடமாட்டா.

கடையில அந்தப் பூட்ட ஒடைக்கப் பாத்தாங்க சார். கம்ப்யூட்டரே எழுத்த மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குது, செகண்டுக்கு லட்சக்கணக்குல. பதினோரு நாளு நிறுத்தாம ஓடிச்சு. ஆறு எழுத்து வரைக்கும் எதுவும் இல்லயாம். ஏழுன்னா மூணு வருஷம் ஓடணும். எட்டுன்னா முந்நூறு வருஷமாம். அதுக்கு மேல இருந்தா உலகத்துல இருக்கற கம்ப்யூட்டரு பூரா போட்டாலும் ஆவாது அண்ணேன்னு சொல்லிப் பையை என் கையில குடுத்துட்டாரு.

நானும் போட்டுப் பாத்தேன். கல்யாண தேதி, அவங்கம்மா அஞ்சம்மாள் பேரு, பசு மாட்டு பேரு கூட. அப்புறம் என்ன போடறதுன்னே தெரியல. இருபத்திரெண்டு வருஷம் கூட வாழ்ந்துட்டு, அவளுக்கு என்ன பூ புடிக்கும்னு யோசிச்சிக்கினு உக்காந்திருக்கேன். புள்ளைங்க இல்ல, யாரக் கேக்கறது?

ஃபைலு உள்ளயா? அவ கொரலு சார். தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணா பேச்சு வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் கதவ சாத்திக்கினு எனக்குன்னு பேசிப் பதிஞ்சி வெச்சா. ஆபரேஷனுக்கப்புறம் கண்ணே தொறக்கல, ஒம்போதாம் நாளு போயிட்டா. போட்டோ நெறய கீது. கொரலு வேற எங்கயும் இல்ல.

பாஸ்வேர்டு சொல்லாம போவாளா? சொன்னா சார். ஆபரேஷனுக்கு முந்தின நாளு, கட்டில்ல உக்காந்துக்கினு, நிறுத்தி நிறுத்தி ரெண்டு தரம் சொன்னா. நான் கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்க ஆளு கேட்டு போன்ல பேசிக்கினு இருந்தேன். உம் உம்னு தலையாட்டினேன். ஞாபகம் வெச்சிக்கினீங்களான்னு கேட்டா. வெச்சிக்கினேன்னு சொன்னேன்.