இழுக்குதுங்களா?

சாயங்காலம் ஐந்தரை மணி. ஆடி மாதத்து மழை. ஆனைப்பள்ளம் ஏரிக்குப் போகிற காட்டுப் பாதையில் ஒருத்தர் தனியாக நடந்துபோகிறார். தோளில் ஸ்பேனர் பை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி...

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். டம்ளர் சுட்டால் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். நம்மோடு டீ குடிக்க வருகிற நெல்சனுக்கு இன்றைக்கு நைட் ஷிப்ட். அவன் இல்லாததால்தான் சொல்கிறேன். நடந்துபோனது அவனுடைய தாய்மாமன் செலஸ்டின். குன்னூரில் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம்.

ஓடையை மறித்துத் துரை கட்டிய ஏரி அது. அக்கரையில் தேயிலைத் தோட்டம், தொழிலாளிகளின் லைன் வீடுகள். சுற்றிவரும் பாதை மழையில் சரிந்துவிட்டால், பரிசலை நம்ப முடியாது, ஒரே ஒரு மோட்டார் படகுதான் வழி. அன்றைக்கும் சரிந்திருந்தது. அன்று காலையில் தேயிலைப் பெட்டிகளோடு இக்கரைக்கு வந்த படகு, கரை தொட்டதும் புகைந்து நின்றுவிட்டது. எஞ்சினைக் குளிர வைக்க ஏரித் தண்ணீரை இழுக்கும் பம்ப் போய்விட்டது. அதற்குத்தான் செலஸ்டினைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கரையில் படகோட்டி ஆறுக்குட்டி நின்றார். முகமே சரியில்லை.

“ஏனுங்க, உங்க தங்கச்சிக்கு வெடியக்காலமே வலி கண்டுருச்சுங்க. அக்கரையில இருந்து கூவிச் சொன்னாங்க, கொழந்தை குறுக்க கெடக்குதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோணும்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டாளுங்க. அங்க பாருங்க...”

பனி கொஞ்சம் விலகிய இடைவெளியில் அக்கரையில் ஒரு லாந்தர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. ஆபத்து என்றால் அப்படி ஆட்டுவார்கள். செலஸ்டினுக்கு ஒரே தங்கை, மெட்டில்டா. இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே மண்ணுக்குக் கொடுத்தவள்.

செலஸ்டின் தோளிலிருந்து பையை இறக்கினார். படகுக்குள் இறங்கி, எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டார்.

பம்ப்பைப் பிரித்தார். தோல் வாஷர் கிழிந்து நார் நாராகக் கிடந்தது. மாற்று வாஷர் கையில் இல்லை. தன் பூட்ஸின் தோல் நாக்கை அறுத்து வட்டமாக வெட்ட ஆரம்பித்தார். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. தோலில் ரத்தம் வழிந்த பிறகுதான் விரலையும் சேர்த்து வெட்டியது தெரிந்தது. வலிக்கவே இல்லை.

பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. படகின் அடியில் தண்ணீர் இழுக்கிற ஓட்டை இருக்கும். ஒருத்தர் ஏரியில் இறங்கி அதன்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். மேலே இருப்பவர் எஞ்சினைக் கையால் சுற்றுவார். உள்ளங்கையை இழுத்தால் சரி.

“பெட்ரோல் எடுத்துட்டு வந்து எறங்கறனுங்க” என்று சொல்லிவிட்டு ஆறுக்குட்டி கொட்டகைக்குப் போனார்.

செலஸ்டின் வாஷரை மாட்டி நட்டை முறுக்கினார். படகின் அடியில் தட்டுகிற சத்தம். டொக்... டொக்.

“வந்துட்டீங்களா? கையை வைங்க.” எஞ்சினைக் கையால் சுற்றினார். “இழுக்குதுங்களா?”

“இழுக்கலைங்க.”

தண்ணீரின் பக்கமிருந்துதான் குரல். நட்டை இன்னும் முறுக்கினார். மறுபடி சுற்றினார்.

“இப்போ?”

“இழுக்குதுங்க.”

செலஸ்டினுக்கு உயிர் வந்தது. “சரி, மேல ஏறுங்க. கை வெறைச்சுப் போயிருக்கும்.”

அப்புறம் மெதுவாக...

“ஒண்ணுமே தெரியலைங்க.”

செலஸ்டின் பெட்டியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். எதிரே கரை மேட்டில் பெட்ரோல் டின்னோடு ஆறுக்குட்டி இறங்கி வந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை மடித்துக் கட்டிய வேட்டி... ஏரித் தண்ணீர் படாத வேட்டி.

“யாருகூடங்க பேசிட்டிருந்தீங்க?”

தண்ணீரைப் பார்த்தார் செலஸ்டின். வட்டம் வட்டமாக அலை விரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். அக்கரை லாந்தர் இன்னும் ஆடியது. பயப்படக்கூட அவருக்கு நேரமில்லை. “டின்னைக் குடுங்க” என்றார்.

படகு கிளம்பியது. எஞ்சினைச் சுற்றிவந்த தண்ணீர் பக்கத்துக் குழாயில் பீய்ச்சி விழும். கொஞ்ச தூரத்திலேயே அது வெதுவெதுப்பாக வேண்டும். செலஸ்டின் கையை நீட்டிப் பார்த்தார். ஐஸ். நடு ஏரியில் பார்த்தார். ஐஸ். எஞ்சினோ சூடேறாமல் ஓடியது. பாசி வாடையோடு அவருக்குப் பழக்கமான ஒரு வாடையும் வந்தது... சுருட்டுப் புகை. படகில் யாரும் சுருட்டுப் பிடிக்கவில்லை.

அக்கரையில் மெட்டில்டாவைக் கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள். அந்த வலியிலும் அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, அவரு எங்க? உங்களைக் கூட்டியாறேன்னு மத்தியானமே பரிசல்ல கெளம்பினாரே...”

அவளுடைய புருசன் அம்புரோஸ். சுருட்டு இல்லாமல் இருக்கமாட்டார்.

செலஸ்டினுக்கு அழுகை வரவில்லை. உடம்பு மொத்தமும் விரல் மாதிரியே மரத்துப்போயிருந்தது. “அந்தக் கரையில நிக்கறாரு, கண்ணு. பாக்கலாம்” என்றார். திரும்பி வந்த வழி முழுக்க எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

கரையில் தோட்டத்து லாரி காத்திருந்தது. விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் நாணல் ஓரத்தில் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. ஆளைக் காணோம். ஏரியெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் படகைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார்கள்.

அடியில் அம்புரோஸ் இருந்தார். வலது உள்ளங்கை அந்த ஓட்டைமேல் அப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

ஆறுக்குட்டி கேட்டார்: “இத்தனை அடைப்புல தண்ணி எப்புடிங்க வந்துச்சு?”

செலஸ்டின் அந்தக் கையைத் தன் துண்டால் மூடினார். தண்ணீரில் கேட்ட குரலைப் பற்றிச் சாகிறதுக்கு முன்னால் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

அந்தக் குழந்தைதான் நம் நெல்சன். இந்த டம்ளரைப் பிடிக்க நமக்கெல்லாம் துண்டு வேண்டியிருக்கிறது. அவன் வலது கையால் வெறுமே பிடிப்பான், பார்த்திருப்பீர்கள். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க டீயை வாங்கி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கிளம்புகிறது. எனக்குப் பதறிவிட்டது. “டேய், சுடலையாடா?” என்று கேட்டேன்.

கையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்...

“ஒண்ணுமே தெரியலைங்க.”