செசிலியின் கட்டைவிரல்

மீன் கூட்டின் கண், அந்தப் பின்னல் ஓட்டை, எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று ஒரு மணி நேரமாகச் சண்டை போடுகிறீர்கள். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்... அதற்குள் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் இன்னாசி என்று ஒருவன். கடலடிப் பாறைத் திட்டான பாரில் கூடு இறக்கி மீன் பிடிப்பவன். அவன் பின்னிய கூட்டுக்குள் போன மீன் வெளியே வராது. பெரியதும் வராது... குஞ்சும் வராது. குஞ்சை என்ன செய்வான்? கரையில் கொட்டுவான், கோழி தின்னும்.

ஊர்க்கூட்டம் போட்டோம். குஞ்சு நழுவ இத்தனை மில்லிமீட்டர் கண் வேண்டும் என்று நான் ஸ்கேலோடு எழுந்தேன். மீனுக்கு என்ன பரீட்சையா வாத்தியாரே என்று சிரித்தார்கள். பதினான்கு வருஷம் ஆகிறது... சிரித்தவர்கள் பெயர் ஒன்றுகூட மறக்கவில்லை. இரண்டு பேர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். கடைசியில் மூன்று விரல் அகலம் என்று முடிவானது. மீறினால் ஒரு வருஷம் கூடு போடக்கூடாது.

அடுத்த மாதம் இன்னாசியின் கூட்டைத் தூக்கிப் பார்த்தால்... அதே குஞ்சுகள். ஊர்த் தலைவர் கூட்டின் கண்ணுக்குள் விரலை விட்டார். இரண்டுதான் போனது. இன்னாசி என்ன சொன்னான் தெரியுமா?

"மூணு விரல்னுதான மாமா சொன்னீங்க? யாரு விரல்னு சொல்லலியே. நான் எம் பொஞ்சாதி விரல வச்சுப் பின்னுனேன்."

அவன் மனைவி செசிலிக்கு முருங்கைப் பிஞ்சு மாதிரி விரல். கூட்டமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஒரு வருஷம் என்றார். இன்னாசி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூடு இல்லையென்றால் அந்த வீட்டில் உலை ஏது?

அப்போது செசிலி எழுந்தாள். தினமும் அந்தக் குஞ்சுகளைப் பிரித்து எறிகிறவள் யார்? அவள்தானே! முள் குத்திய கையை விரித்துக் காட்டினாள்.

"எங் கைய வச்சுப் பின்னுனா, அளவையும் நான்தான சொல்லணும்? மூணு பத்தாது. கட்டைவிரலையும் சேத்துக்கங்க. எல்லாக் கூட்டையும் இவரு பிரிச்சுப் பின்னட்டும், நான் கைய விட்டுப் பாக்குறேன். பெறகு ஒரு குஞ்சு ஏறுனாலும் என்னையும் சேத்துத் தள்ளி வைங்க."

அவ்வளவு பெரிய கண்ணில் நல்ல விலை போகும் விளமீனே நழுவிப் போய்விடும் என்று இன்னாசி முனகினான்.

"போனது வளந்து வரும். நீங்க பின்னுங்க."

தலைவர் ஒப்புக்கொண்டு தண்டனையை நிறுத்தி வைத்தார். அடுத்த முறை கூட்டில் ஏழே மீன். ஏழும் கை கொள்ளாதவை. இன்னாசிக்கு முகம் தொங்கிப்போனது... செசிலி பிரித்தெறியக் குஞ்சு ஒன்றுமில்லாமல் கை வீசி நடந்தாள். இன்றைக்கும் கூடு பின்ன உட்கார்ந்தால் அவன் அந்தக் கையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கண்ணாக வைத்துப் பார்க்கிறான். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருக்க மாட்டான்!

எதற்குச் சொல்கிறேன்? குஞ்சுக்கு வழிவிட என் ஸ்கேல் போதவில்லை... ஒப்புக்கொள்கிறேன். ஊர்ச் சட்டமும் போதவில்லை. செத்த குஞ்சைத் தினமும் கையில் அள்ளுகிறவர் எவரோ, அவருக்குத்தான் அளவு தெரியும். இங்கே எத்தனை பேர் உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டீர்கள்? எப்படிக் கேட்பீர்கள்... அவர்களை இந்தப் பந்தலுக்கு வெளியே அல்லவா நிற்க வைத்திருக்கிறீர்கள்!

நகர்ந்து உட்காருங்கள். முதலில் அவர்களுக்கு வழிவிடுங்கள். அப்புறம் மீன் குஞ்சுக்கு விடலாம்.